முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கத்தை நிரப்புங்கள்: மதுரை நாட்டு மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கீழமாசி வீதியிலும் அதையொட்டிய சந்துகளிலும் தலைமுறையாகக் கடை நடத்தும் அண்ணாச்சிமார்களுக்கும், அண்ணா நகர், கே.கே. நகர், திருநகர் பக்கம் புதிதாகக் கடை திறந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். செடிகொடிகளில் இருக்கும் வேதிப்பொருள்களைப் பிரித்தெடுப்பதுதான் என் பாடம். கடுக்காய், சுக்கு, நன்னாரி, ஆவாரம்பூ என்று எங்கள் ஆய்வகத்துக்கு வேண்டிய சரக்கெல்லாம் உங்களிடம் வாங்கியதுதான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கொஞ்ச காலமாக உங்கள் கடைகளில் தாள் பொட்டலம் குறைந்து பளபளப்பான பைகள் தொங்குகின்றன. நல்லதுதான். ஈரம் ஏறாது, பூச்சி விழாது. ஆனால் முருங்கை இலைப் பொடி, நெல்லிப் பொடி, ஆவாரம்பூ டீ, மஞ்சள், எதை எடுத்தாலும் முன்பக்கம் ஒரே வாசகம்: 'ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது'. சிலவற்றில் ஆரஞ்சைவிட இத்தனை மடங்கு என்று ஒரு கணக்கும் இருக்கிறது. பையைத் திருப்பினால் எந்தச் செடி, இலையா வேரா, எப்போது பறித்தது, எப்படி உலர்த்தியது, யார் சாப்பிடக் கூடாது, எதுவும் இல்லை. முன்பக்கத்து வாசகத்தை எடுத்துவிட்டு இந்தப் பின்பக்கத்தை நிரப்புங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் அந்த வாசகம் எங்கே பிறக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். டி.பி.பி.எச். என்று ஒரு வேதிப்பொருள். மெத்தனாலில் கரைத்தால் நல்ல அடர் ஊதா நிறம் வரும். அதன் மூலக்கூறில் ஜோடி சேராத எலக்ட்ரான் ஒன்று இருக்கிறது. இப்படிப்பட்டவற்றைத் தீவிரத் துகள்கள் (ஃப்ரீ ராடிகல்) என்போம், நம் உடம்பிலும் உண்டாகும். அவற்றை அடக்கும் பொருள்தான் ஆன்டிஆக்ஸிடன்ட். இலைச்சாற்றை அதில் விட்டால், சாற்றில் உள்ள பீனால் வகைப் பொருள்கள் ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்து அந்த எலக்ட்ரானை ஜோடி சேர்த்துவிடும். ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்பதை 517 நானோமீட்டர் ஒளியில் அளந்தால் அதுதான் 'ஆன்டிஆக்ஸிடன்ட் திறன்'. 1958-இல் இருந்து இந்தச் சோதனை இருக்கிறது. அரை மணி நேரத்தில் முடியும், செலவு குறைவு, பார்க்கவும் அழகு. அதனால் அழகர்மலையிலும் சிறுமலையிலும் கிடைக்கிற செடியில் பெரும்பாலானதை நம் ஊர் மாணவர்கள் இந்த ஊதா நீரில் முக்கி எடுத்துவிட்டார்கள். நிறம் மாறினால் புராஜெக்ட் முடிந்தது. அந்த அறிக்கையிலிருந்து ஒரு வரி எப்படியோ நழுவி உங்கள் பையில் வந்து ஒட்டிக்கொள்கிறது.

இதில் சங்கதி என்னவென்றால், எதைப் போட்டாலும் அந்த நிறம் வெளுக்கும். டீத்தூள், கத்தரிக்காய்த் தோல், புளியங்கொட்டைத் தோல், வேப்பிலை எல்லாமே வெளுக்கும். வெயிலையும் பூச்சியையும் சமாளிக்கச் செடிகள் தங்களுக்காகத் தயாரித்து வைத்துக்கொள்ளும் பொருள்கள் இவை. ஏறக்குறைய எல்லாப் பச்சிலையிலும் உண்டு. ஆகவே 'ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது' என்று போட்டால், இது ஒரு செடியிலிருந்து வந்தது என்பதற்கு மேல் வாங்குபவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை.

குடுவையில் நடப்பது குடலில் நடக்குமா என்பது அடுத்த கேள்வி. மஞ்சளையே எடுங்கள். அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான குர்குமின் சோதனைக் குழாயில் பிரமாதமாக வேலை செய்யும். ஆனால் தண்ணீரில் கரையாது. சாப்பிட்டால் குடல் சுவரும் கல்லீரலும் உடனே அதை உருமாற்றி வெளியே அனுப்பிவிடும். ரத்தத்தில் சேர்வது சொற்பம். 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினோடு மிளகில் உள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் சேரும் அளவு சுமார் 20 மடங்கு கூடியது. பாலில் மஞ்சளோடு மிளகைத் தட்டிப் போடுகிற நம் வழக்கத்துக்கு இது நல்ல சாட்சி என்று எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் பைப்பரின் அந்த வேலையைச் செய்வது, உடல் வேண்டாததைக் கழிக்கும் வழியை மறிப்பதால்தான். அதே வழியில் கழிய வேண்டிய மற்ற மாத்திரைகளும் கூடவே ரத்தத்தில் தேங்கும். வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் அப்படி ஒன்று. ரசத்தில் போடும் மிளகால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் செறிவாக்கிய குர்குமினும் பைப்பரினும் சேர்ந்த மாத்திரைகளைச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள். அந்த வகை டப்பா இப்போது உங்கள் கல்லாவுக்குப் பக்கத்திலும் இருக்கிறது.

ஆரஞ்சைவிட இத்தனை மடங்கு என்ற கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்படி உணவுகளை வரிசைப்படுத்தி அமெரிக்க வேளாண் துறை ஒரு பெரிய பட்டியலே வைத்திருந்தது. குழாயில் வந்த எண்ணுக்கும் மனித உடல்நலத்துக்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, வியாபாரிகள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி 2012-இல் அந்தப் பட்டியலை அவர்களே நீக்கிவிட்டார்கள். போட்டவர்களே எடுத்துவிட்ட பட்டியலை நாம் ஏன் மதுரையில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்?

இன்னொன்று, அதிகமாகப் போனால் நல்லது என்ற நம்பிக்கையும் சோதனையில் அடிவாங்கிய ஒன்று. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் சேர்த்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்குக் காரட்டிலும் கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டின் என்ற பொருளைத் தினமும் 20 மில்லிகிராம் மாத்திரையாகப் பல ஆண்டுகள் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது மாத்திரை சாப்பிட்டவர்களிடம் அது 18 சதவீதம் கூடியிருந்தது. காரட்டோ முருங்கைக்கீரையோ கெடுதல் என்று இதற்கு அர்த்தமில்லை. உணவிலிருந்து ஒரு பொருளை உருவி, அளவை ஏற்றிக் கொடுத்தால் அது வேறு சமாச்சாரம் ஆகிவிடுகிறது.

காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. 2009-இல் ஜெர்மனியில் ஒரு ஆய்வு. உடற்பயிற்சி செய்தவர்களில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி, கூடவே வைட்டமின் ஈ மாத்திரை. பயிற்சியால் உடம்பு இன்சுலினை நன்றாகப் பயன்படுத்தத் தொடங்கும் அல்லவா, அந்தப் பலன் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் மட்டுப்பட்டுப் போனது. பயிற்சியின்போது உண்டாகும் அந்தத் தீவிரத் துகள்களே தசைக்குச் செய்தி சொல்கின்றன. ரத்த வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்வதும் அவற்றை வைத்துத்தான். அவை முழுக்க முழுக்க எதிரி அல்ல. ஒரு டம்ளர் நெல்லிச்சாறு அத்தனை பெரிய அளவு இல்லைதான், பயப்பட வேண்டாம். ஆனால் அதைச் சர்வ நிவாரணியாக விற்பதற்கும் இடமில்லை.

சரி, இதெல்லாம் மூலிகையில் சத்தே இல்லை என்று சொல்வதற்காக இல்லை. உங்களுக்குத் தெரிந்ததே இதைவிட ஆழமானது என்று சொல்வதற்காகத்தான். சேராங்கொட்டையை நினைத்துப் பாருங்கள். அதன் எண்ணெயில் உள்ள பீனால் பொருள்களை ஊதா நீரில் விட்டால் நன்றாகவே வெளுக்கும், முதல் வகுப்பில் தேறும். அதே பொருள்கள்தான் தோலில் பட்டால் கொப்புளமாக்கும். சுத்தி செய்யாமல், அதாவது நஞ்சை நீக்காமல், அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று எந்த ஆய்வகமும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை, உங்கள் அப்பாக்கள் சொன்னார்கள். சோற்றுக்கற்றாழையை ஏழு தண்ணீரில் கழுவச் சொன்னதும் அப்படித்தான். தோலுக்கு அடியில் ஒழுகும் மஞ்சள் பாலில் அலோயின் இருக்கிறது, வயிற்றைப் பிடுங்கிப் பேதியாக்கும். கழுவக் கழுவப் போய்விடும். நம் ஊர்ப் பருத்திப்பாலுக்கு மூலமான பருத்தி விதையில் காசிபால் என்ற பாலிபீனால் இருக்கிறது. அருமையான ஆன்டிஆக்ஸிடன்ட். சீனாவில் அதை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகச் சோதித்து, ரத்தத்தில் பொட்டாசியம் இறங்குவதைப் பார்த்துக் கைவிட்டார்கள். வேகும்போது பெரும்பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அடங்கிவிடும், அதனால் வண்டியில் கொதிக்கக் கொதிக்கக் கொடுப்பதைத் தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் யாராவது பருத்தி விதையைப் பச்சையாக அரைத்துப் பையில் போட்டு 'ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது' என்று எழுதினால், எழுதியது பொய்யில்லை, விற்றது தப்பு.

இப்போது பின்பக்கத்துக்கு வருகிறேன். முதலாவது, அது எந்தச் செடி. கீழாநெல்லி என்ற பெயரில் வருவது எல்லாம் ஒரே செடி இல்லை. ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்ற தாவரவியல் பெயருள்ளதுதான் வேண்டியது. மேலாநெல்லியும், சிவந்த தண்டுள்ள உறவுக்காரச் செடிகளும் அறுவடையில் சேர்ந்து வந்துவிடுகின்றன. ஃபில்லாந்தின் என்ற பொருள் அமாரஸில் நிறைய, சில உறவுகளில் அறவே இல்லாத அளவு குறைவு. தென்னிந்தியக் கடைச் சரக்கை மரபணு முறையில் பார்த்த ஆய்வாளர்கள், கணிசமான மாதிரிகளில் வேறு இனங்கள் இருப்பதைக் கண்டார்கள். 1988-இல் சென்னையில் நடந்த ஆய்வு ஒன்றில் கீழாநெல்லி எடுத்த ஹெபடைடிஸ் பி நோயாளிகள் 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் வேறு நாடுகளில் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. செடி வேறா, பறித்த காலம் வேறா, அல்லது முதல் முடிவே நிலைக்காததா என்று விவாதம் ஓடியது. எப்படியானாலும், எந்தச் செடி என்றே தெரியாத பொடியை வைத்து எந்த விவாதமும் நடத்த முடியாது.

செடி மாறினால் பலன் குறைவதோடு போகும் என்று நினைக்க வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் உடல் எடை குறைக்கக் கொடுத்த மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோகியா இனத்துச் செடி தவறிப் போய்ச் சேர்ந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, சிறுநீரகம் போனது; சிலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. காரணம் அரிஸ்டோலோகிக் அமிலம். நம் ஆடுதின்னாப்பாளை அதே அரிஸ்டோலோகியா குடும்பம்தான். குடற்புழுவுக்கு என்று கேட்டு வருகிறவர்களுக்கு இன்றும் அதைக் கட்டிக் கொடுக்கிறீர்கள். அண்ணாச்சி, இதில் நான் வளைத்துப் பேசப் போவதில்லை: உள்ளுக்குச் சாப்பிட அதை விற்பதை நிறுத்திவிடுங்கள். சாப்பிட்டவுடன் ஒன்றும் ஆகாது, அதனால் யாரும் திரும்பி வந்து உங்களிடம் சண்டை போடவும் மாட்டார்கள். சிறுநீரகம் சத்தமில்லாமல்தான் போகும்.

நன்னாரிக்கு நிலைமை இவ்வளவு மோசமில்லை. ஜிகர்தண்டாவில் வரும் அந்த மணத்துக்குக் காரணமான பொருள் வெனிலாவின் மணப்பொருளோடு அணுக்கணக்கில் ஒன்று, அணுக்கள் அமைந்த இடம் மட்டும் வேறு. அதே மணம் மாகாளிக்கிழங்கிலும் இருப்பதால் நன்னாரிக்குப் பதில் அது சந்தையில் ஓடுகிறது. ஊறுகாய் போடுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கெடுதல் இல்லை, ஆனால் மாகாளி காட்டில் அருகிக்கொண்டே வருகிறது. எதை விற்கிறீர்களோ அதன் பெயரைப் போட்டு விற்கலாமே.

இரண்டாவது, எந்தப் பாகம், எப்படி உலர்ந்தது. 'சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு' என்று சொல்லி வளர்ந்தவர்கள் நீங்கள். முழுக் கடுக்காய் விற்ற காலத்தில் கொட்டையை எடுத்துப் போடுவது வாங்கியவர் பொறுப்பு. இப்போது பொடியாக வருகிறது. கொட்டை நீக்கினார்களா என்று யாருக்குத் தெரியும்? 'கொட்டை நீக்கியது' என்ற இரண்டு வார்த்தை, எந்த ஆன்டிஆக்ஸிடன்ட் வாசகத்தையும்விட எனக்கு நம்பிக்கை தரும்.

நெல்லியில் இது இன்னும் சிக்கல். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணை, 100 கிராம் நெல்லிக்காயில் 600 மில்லிகிராம் வைட்டமின் சி என்றது. 2017-இல் வந்த புதிய அட்டவணையில் அது சுமார் 250 தான். காயும் காலமும் அளக்கும் முறையும் மாறினால் எண்ணும் மாறும். அதையே வெயிலில் காயவைத்து நெல்லிமுள்ளியாக்கினால் வைட்டமின் சி-யில் பெரும்பகுதி போய்விடும். கேலிக் அமிலம், எலாஜிக் அமிலம் சேர்ந்த டேனின்கள் என்ற பொருள்கள் தங்கும், அவை தரும் துவர்ப்பும் தங்கும். ஆக, காய்க்கு உரிய எண்ணைப் பொடிப் பையில் அச்சடிப்பது நியாயமில்லை. பச்சிலைகளும் அப்படித்தான். பறித்த இலையைக் குவித்துவைத்தால் அதிலுள்ள நொதிகளே பீனால்களைத் தின்று இலையைக் கறுக்க வைத்துவிடும். நிழலில், மெல்லிய பரப்பாக, காற்றோட்டமாக உலர்த்தியதா என்பது நிறத்திலும் மணத்திலும் உங்களுக்குத் தெரியும். அதை வாங்குகிறவருக்கும் எழுதிச் சொல்லுங்கள், மாதத்தோடு. நிலவேம்புக் குடிநீர்ச் சூரணத்துக்கும் இது பொருந்தும்: வெட்டிவேர், விலாமிச்சுவேர், கோரைக்கிழங்கு, பற்பாடகம், மிளகு எல்லாம் சேர்ந்த ஒன்பது சரக்கு அது. நிலவேம்பை மட்டும் அரைத்து அந்தப் பெயரை வைக்க வேண்டாம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: யார் சாப்பிடக் கூடாது. அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின், சிறுநீரகத்தில் ஒரு நொதியைத் தடுத்து உப்பையும் நீரையும் உடம்பில் தங்க வைக்கும். ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். தொண்டைக் கமறலுக்கு இரண்டு நாள் வாயில் அடக்கினால் ஒன்றுமில்லை. பிரஷர் மாத்திரை சாப்பிடும் ஒருவர் மாதக்கணக்கில் பொடியாகச் சாப்பிட்டால் ஆபத்து. எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மாவுக்கு இது நடந்தது. பொட்டாசியம் இறங்கி, கால் தூக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விற்ற கடையில் யாரும் பிரஷர் உண்டா என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

அப்புறம் கடுக்காய், நெல்லி, ஆவாரம்பூ போன்ற துவர்ப்புச் சரக்குகள். கடுக்காய்த் தண்ணீரில் ஒரு துருப்பிடித்த ஆணியைப் போட்டு வையுங்கள், கருகருவென்று மையாகும். டேனின் இரும்பைப் பிடித்துக்கொள்வதால் வரும் கறுப்பு அது. அந்தக் காலத்தில் எழுதும் மை அப்படித்தான் செய்தார்கள், துணிக்குச் சாயம் ஏற்றவும் கடுக்காய் பயன்பட்டது. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து ஆவாரம்பூ டீ குடித்தால் வயிற்றிலும் இந்தப் பிடிப்பு நடக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிய மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. ரத்தசோகை உள்ள கர்ப்பிணிப் பெண்ணுக்கு இதைவிட உபயோகமான தகவல் வேறு என்ன இருக்கிறது? 'இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடவும்' என்று ஒரு வரி போதும்.

'டீச்சர், ஜனங்க அதைத்தான் கேட்டு வாங்குறாங்க, போடலைன்னா சூப்பர் மார்க்கெட்டுக்குப் போயிடுவாங்க' என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பளபளப்பில் பெரிய கம்பெனிகளோடு உங்களால் போட்டி போட முடியாது. நத்தம் பக்கத்திலிருந்து யார் கொண்டுவருகிறார்கள், அது எந்த மலைச் சரக்கு, போன மழைக்கு முந்தியதா பிந்தியதா என்று சொல்ல அவர்களுக்கு வழியில்லை. உங்களுக்கு இருக்கிறது. இன்னொரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஆன்டிஆக்ஸிடன்ட் என்று ஆரம்பிக்கும் வாசகம் பெரும்பாலும் அங்கேதான் போய் முடிகிறது.

அளவும் அடையாளமும் சரியாக இருந்தால் செடி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் செங்காந்தள் போதும். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கத்துத் தோட்டங்களில் பயிராகும் அதன் விதையிலிருந்து கொல்கிசின் எடுக்கிறார்கள். கிழங்கைத் தின்றால் உயிர் போகும். கொல்கிசினை அரை மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுத்தால் கவுட் என்ற மூட்டு வலிக்கு அது மருந்து.

செலவைப் பற்றி யோசிப்பீர்கள். மெல்லிய சிலிக்கா தகட்டில் சாற்றைப் பொட்டாக வைத்துப் பிரித்துப் பார்க்கும் டி.எல்.சி. முறையில், இது கீழாநெல்லியா இல்லையா என்று ஒரு பிற்பகலில் ஓரளவு சொல்லிவிடலாம். மதுரையில் தாவரவியல், வேதியியல் துறை உள்ள கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. காமராசர் பல்கலைக்கழகமும் இருக்கிறது. இன்னொரு இலையை ஊதா நீரில் முக்குவதற்குப் பதில் உங்கள் கடைச் சரக்கை அடையாளம் பார்க்கிற வேலையை மாணவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி நான் துறைத் தலைவர்களிடம் கேட்கிறேன். உங்கள் பக்கத்திலிருந்து முத்திரையிட்ட மாதிரி கொடுக்க நாலைந்து கடைகள் முன்வந்தால் போதும். முடிவு எப்படி வந்தாலும் கடையின் பெயர் வெளியே வராது என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஒரேயடியாக எல்லாப் பையையும் மாற்ற முடியாது என்று தெரியும். அடுத்த தடவை அச்சுக்குக் கொடுக்கும்போது கீழாநெல்லி, கடுக்காய், அதிமதுரம், ஆவாரம்பூ இந்த நாலில் ஆரம்பியுங்கள். அதற்குள் ஆடுதின்னாப்பாளையை அலமாரியிலிருந்து இறக்கிவிடுங்கள். வாசகத்தைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் நானும் என் பழைய மாணவர்களும் தயார். காசு வேண்டாம், கால் கிலோ நல்ல நன்னாரி வேர் கொடுங்கள், மணம் இருப்பதாகப் பார்த்து.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்,
வேதியியல் ஆசிரியை (ஓய்வு), மதுரை